ஆறாவது கடிதம்

ஐந்தாவது கடிதம் மேனேஜரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே இருந்தது. திறந்தவர் சட்டென்று கூட்டை மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தார்.

சட்டைக் காலருக்குள் வைக்கும் வெள்ளை அட்டை. அதில் கோணல்மாணலாக, எழுத்துக்கு எழுத்து தள்ளித் தள்ளி, 'பின் கதவுச் சாவி உன் மேசையில் இருக்கிறது. அடுத்த கடிதம் உனக்கு இல்லை' என்று எழுதியிருந்தது.

இந்தச் சனியன் பிடித்து மூன்று மாதமாகிறது. முதல் அட்டையில் 'கதவு' என்று ஒரே ஒரு சொல். அடுத்ததில் 'பின் கதவு'. பிறகு 'பின் கதவு பூட்டு'. நான்காவதில் 'பின் கதவை ஏன் பூட்டினாய்?' எவனோ ஒருவன் அடிமேல் அடி வைத்து நெருங்கி வந்துகொண்டிருந்தான்.

தையல் கூடத்தின் பின்கதவைப் பூட்டியவர் மேனேஜர்தான். திறந்து கிடந்தால் துணி வெளியே போய்விடுமாம். நாலு மாதத்துக்கு முன்பு இஸ்திரி வயர் கருகிப் புகை கிளம்பியபோது, நாற்பது பெண்கள் ஒற்றை முன்வாசலில் முட்டி மோதினார்கள். ஒருத்தி மூச்சு முட்டி மயங்கியே விழுந்தாள். நெருப்பாக இருந்திருந்தால் நாற்பதும் கரிக்கட்டை. அதற்குப் பிறகும் மகராசன் பூட்டைத் தொடவில்லை.

குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "இடது கையால 'கதவு'ன்னு எழுதுய்யா."

"எதுக்கு சார்?"

"எழுதுன்னா எழுது."

குமாஸ்தா எழுதினார். எழுத்து பொருந்தவில்லை. "என் மேலயா சார் சந்தேகம்? உள்ள நாப்பது பேர் இருக்காங்களே."

மேனேஜர் சிரித்துவிட்டார். "அதுங்களா? அத்தனையும் கைநாட்டு. பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தவன் நான். படிச்சவளுக்கு வாய் நீளும்யா."

உண்மைதான். கட்டைவிரலை உருட்டியவளுக்குத்தான் இங்கே வேலை. இந்தக் கட்டடத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் மேனேஜர். அப்படியானால் வேறு யார்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"துணியில கோடு போடற சாக்பீஸ் தீந்துபோச்சு சார்" என்று பேச்சை மாற்றினார் குமாஸ்தா.

"போன வாரந்தானேய்யா ரெண்டு டப்பா வாங்கினோம்? திங்கறாளுங்களா?"

கூடத்தின் கோடியிலிருந்து கைதட்டல் கேட்டது. சாப்பாட்டு நேரம். பெண்கள் பூட்டிய கதவோரம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "பரவால்லக்கா, தப்பானா என்ன? இன்னொரு தரம் போடு" என்று ஒருத்தி யாரையோ தேற்றிக்கொண்டிருந்தாள். தினமும் இதே கூத்து. கேட்டால், விளையாட்டு சார் என்பார்கள். வயசுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாட்டு!

போன் அடித்தது. முதலாளி.

"யோவ், தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு ஏதோ கடிதாசி போயிருக்காம். பூட்டு, புகை, மயங்கி விழுந்தவ, ஒண்ணு விடாம இருக்காம். மூணு மணிக்கு வர்றார். மாட்டினா நீதான் உள்ள போகணும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த கடிதம் உனக்கு இல்லை. மேனேஜருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஓடிப்போய்ப் பூட்டைக் கழற்றிக் கழிவுத்துணி மூட்டைக்குள் புதைத்தார். அது போதாதே! இன்ஸ்பெக்டர் பெண்களைக் கேட்டால்? குமாஸ்தாவை நம்பாமல் தானே ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். 'எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பின்கதவு என்றைக்குமே பூட்டப்பட்டதில்லை.' கீழே நாற்பது கைநாட்டு விழுந்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது.

"வரிசையா வாங்கம்மா, ஒவ்வொருத்தரா விரலை வைங்க" என்றார் வாயெல்லாம் பல்லாக. அவர் அவர்களை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முதலில் வந்தவள் காஜா எடுக்கும் அக்கா. புகையில் மயங்கி விழுந்தவள். சட்டைப் பொத்தானுக்குத் துளை தைத்துத் தைத்தே கூன் விழுந்தவள், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"புதுசா ரெண்டு ஜன்னல் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். ம், சீக்கிரம்."

வாசலில் கார் வந்து நின்றது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மேனேஜர் மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார்.

அவள் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. பின்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும் நெருங்கி வந்தார்கள். "பயப்படாதக்கா, நிதானமா" என்றாள் ஒருத்தி, அவள் தோளைத் தொட்டு.

"விரலை வைக்கிறதுக்கு என்னடி நிதானம்?" மேனேஜர் பல்லைக் கடித்தார்.

காஜா அக்கா மைப்பெட்டியை மூடினாள்.

"ஜன்னலப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்... பேனாவக் குடுங்க, தப்பத் திருத்தித் தரோம்."