சர்க்கரை மாப்பிள்ளை

"மாப்பிள்ளைக்கு வேர்க்க ஆரம்பிச்சிருச்சு," என்றார் பிலோமின்ராஜ். "விசிறாதீங்க பாய், இன்னும் மோசமாயிடும்."

முகம்மது கனி விசிறியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மூன்றடுக்குக் கேக்கின் உச்சியில், கறுப்புக் கோட்டு போட்டு நின்ற நாலு அங்குல மாப்பிள்ளையின் நெற்றியில் நிஜமாகவே நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. அவனுக்கு இடப்பக்கம் நின்ற சர்க்கரை மணப்பெண்ணுக்கு ஆபத்தில்லை. அவள் முக்காடே முதுகுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

1958, ஐப்பசி மாதத்தின் கடைசி வாரம். பொன்மலைக் கல்யாண ஹாலுக்கு வெளியே மூன்றாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது.

மேலப்புதூரில் ஒரு பேக்கரியில் பதினெட்டு வருஷம் கேக் அலங்காரம் செய்த பிலோமின்ராஜ், இரண்டு மாதத்துக்கு முன்புதான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். இதுதான் முதல் கல்யாண ஆர்டர். ரயில்வே பட்டறை ஃபோர்மேன் சவேரியப்பன் மகள் கல்யாணம் என்றால் பொன்மலையே கூடும். கேக் பேர் வாங்கினால் கிறிஸ்துமஸ் வரை கை ஓயாது. இல்லாவிட்டால் பழைய முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பொம்மை செய்ததில் ஒரு குறையும் இல்லை. சலித்த சர்க்கரைப் பொடியில் ஊறவைத்த பாதாம் பிசினைப் போட்டுப் பிசைந்து, புரட்டாசி வெயிலிலேயே உருவம் பிடித்துக் காயவைத்துவிட்டார். மழை பிடித்ததும், ஈரம் ஏறாமலிருக்க, மண்ணச்சநல்லூர் அரிசியை வறுத்து ஆறவைத்து, பிஸ்கட் டின்னில் கொட்டி, இரண்டு பேரையும் காகிதம் சுற்றி அதற்குள் புதைத்து வைத்தார். இன்று காலையில் எடுத்துத் தட்டியபோது பீங்கான் போலச் சத்தம் கேட்டது.

கனியின் குதிரை வண்டியில் வருகிற வழியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் சாரல். மெழுகுத்துணி கேக்கைக் காப்பாற்றியது, மாப்பிள்ளையைக் காப்பாற்றவில்லை.

"கழுத்துக்குள்ள ஒரு ஈர்க்குச்சி சொருகியிருக்கலாமே அண்ணே," என்றார் கனி.

"ஃபோர்மேன் கூடாதுன்னுட்டாரு. பிள்ளைங்க பிச்சுத் தின்னும், தொண்டையில மாட்டிக்கும்னு."

மேஜைவிரிப்பு தேய்த்துக்கொண்டிருந்த மயிலம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஈரம்தானே பிரச்சினை? இதைக் கொஞ்சம் கிட்டக் காட்டிப் பாருங்க," என்று கரி கனன்ற இஸ்திரிப் பெட்டியை நீட்டினாள்.

பிலோமின்ராஜுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. முக்காலியில் ஏறி, ஒரு சாண் தள்ளிப் பெட்டியைப் பிடித்தார். நெற்றி வேர்வை சட்டென்று காய்ந்தது. கனி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முடிப்பதற்குள், சூட்டில் இளகிய கழுத்து மெல்ல மெல்ல மணப்பெண் பக்கமாகச் சாய்ந்தது.

பதறிப்போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டார். சூடு ஆறியதும் சாய்ந்த தலை சாய்ந்தபடியே இறுகிவிட்டது. விரலால் நிமிர்த்தப் பார்த்தார். கழுத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. கையை எடுத்துவிட்டார்.

"அவனை எடுத்துடுங்க அண்ணே. பொண்ணு மட்டும் நிக்கட்டும்."

"கல்யாணத்துல பொண்ணு மட்டும் நின்னா நல்லாவா இருக்கும் பாய்?"

வாசலில் பேண்டு வாத்தியம் கேட்டது. கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள்.

முதலில் நுழைந்த சவேரியப்பன் நேராகக் கேக்கிடம்தான் வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது, கழுத்து ஒடிஞ்சு நிக்கிறான்?"

"மழைங்க..."

"மழை எல்லார் வீட்டுக்கும்தான் பெய்யுது. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அதற்குள் மணமக்கள் மேஜைக்கு அருகே வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் மணப்பாறையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். மாப்பிள்ளை காலில் விழாத குறையாகவாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, பிலோமின்ராஜ் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றார்.

"தம்பி, மன்னிச்சுக்கணும். வேணும்னு செய்யலைங்க."

மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிலோமின்ராஜ் இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். அசைவே இல்லை.

இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டார். சுற்றி நின்ற எல்லோரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. பிலோமின்ராஜ் பின்வாங்கி, மேஜைக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"வண்டியைப் பூட்டுங்க பாய். போயிடலாம்."

மணப்பெண் பிரகாசி, மாப்பிள்ளையின் இடது தோளருகே ஏதோ மெதுவாகச் சொல்வது தெரிந்தது. அவர் அவள் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இரண்டு பேரும் கேக்கின் உச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேலியையும் பார்த்தாயிற்று என்று பிலோமின்ராஜ் வாசலை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து பட்டுப்புடவை சரசரத்தது. தூக்கிப் பிடித்த முக்காட்டோடு பிரகாசி எதிரே வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கேக்கின் உச்சியில் தலை சாய்ந்து நின்றவனைக் கைகாட்டினாள்.

"அண்ணே, இவருக்கு இடது காது மட்டும்தான் கேக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"