நாற்பதாவது பசை

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்போ தவறுனீங்க?”

கேட்டவர் பசைக் கம்பெனியின் கேட் செக்யூரிட்டி நரசிம்மன். கேட்கும்போதே தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் சிறந்த பெண் வேதியியலாளர் விருது வாங்கிய செல்லக்கனி, திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தாள்.

அவர் கை காட்டிய பக்கம் திரும்பினாள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கேட் வரைக்கும் போகும் மதில் சுவரில் பன்னிரண்டு செல்லக்கனிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. மறைவுக்கு நேராக விருது வாங்கிய தேதி.

கீழே ஒரு வரி: ‘பசையின் தாயே, உம்மை எங்களிடமிருந்து பிரிக்க முடியாது!’

அந்த வரி மட்டும்தான் வாழ்த்துப் போஸ்டருக்கென்று கம்பெனி லைன் பசங்கள் எழுதிக் கொடுத்தது. மற்றதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பிரஸ்காரர் வேறு யாருக்கோ அடித்தது. பெயர், படம், தேதிகளை மாற்றியவர் மீதியை அப்படியே விட்டுவிட்டார்.

“ஃபோட்டோ நல்லா விழுந்திருக்கான்னுதான் பாத்தோம் மேடம். எழுத்த யாரும் பாக்கல,” என்றான் லைன் ஆபரேட்டர் மாரிராஜ். அவளைப் போலவே கோவில்பட்டிப் பக்கத்துக்காரன்.

“கிழிச்சுப் போட வேண்டியதுதானே?”

“வர மாட்டேங்கு மேடம். நம்ம பசையில்லா போட்டு ஒட்டிருக்கோம்.”

மேடத்தின் போஸ்டரை மைதாப் பசையில் ஒட்டுவது மரியாதையாக இருக்காதென்று லைனிலிருந்து ஒரு வாளி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அது அவளுடைய நாற்பதாவது பசை. முப்பத்தொன்பது தோற்றிருந்தன. பதினேழு வருடம் ஆகியிருந்தது. ‘வெயில், மழை, வெந்நீர், டீசல் எதற்கும் அசையாதது’ என்று விருதுப் பத்திரத்திலேயே போட்டிருந்தது.

சுரண்டினார்கள். காகிதம் பசையைக் குடித்து ஓடாகியிருந்தது. சுரண்டிய தகடுதான் மழுங்கியது. வெள்ளையடித்தார்கள். வழிந்துவிட்டது. மைதாவில் வேறு போஸ்டரை மேலே ஒட்டினார்கள். மதியத்துக்குள் அது சுருண்டு விழ, செல்லக்கனி முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தாள்.

மேனேஜர் ஸ்ரீதர் மட்டும் கவலைப்படவில்லை. ஆடிட்டுக்கு வந்தவர்களைச் சுவருக்கே கூட்டிவந்தார். “டெமோ சார். நீங்களே சொரண்டிப் பாருங்க.”

அவர்கள் சுரண்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுப் போனார்கள். மரியாதைக்குச் செல்லக்கனியும் கூட நின்றாள்.

“இதக் கரைக்க ஒண்ணுமே கெடையாதா மேடம்?” என்றான் மாரிராஜ்.

“கெடையாது.”

“நம்ம ஊரு குரூப்புல வேற எவனோ போட்டோ எடுத்துப் போட்டுட்டான். நீங்க நல்லா இருக்கீங்கன்னு ஒரு மெசேஜ் போட்டுரட்டா?”

“யாரெல்லாம் பாத்திருக்கா?”

“எல்லாரும். ஒங்க அண்ணாச்சியும்.”

அவள் தோள்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அப்ப ஒண்ணும் போடாத.”

அண்ணன் கொம்பையா அவளோடு பேசி இருபத்திரண்டு வருடம். தன் நிச்சயதார்த்தத்தன்று காலை அவள் எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வுக்குப் போய்விட்டாள். ‘இனி ஒங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன்’ என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது.

விருது விழாவுக்கு அவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அழைப்பு அனுப்பியிருந்தாள். அவர் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. முதல் வரிசையில் ஒரு நாற்காலி கடைசி வரை காலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் கேட்டுக்கும் கூட்டுரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை, ஷிப்ட் பஸ்கள் போன பிறகு, கொம்பையா வந்து இறங்கினார். கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை.

கடைசிப் போஸ்டருக்குப் பக்கத்தில் தோள்பையோடு நின்றவளைப் பார்த்ததும் முதலில் அவள் கால்களைத்தான் பார்த்தார். தரையில் பாவித்தான் இருந்தன. பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு போஸ்டரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

ரோஜா மாலை வாழ்த்து, அஞ்சலி இரண்டுக்கும் ஆகும். அதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் சுவர் பக்கம் திரும்பினார். மாட்டுவதற்கு ஆணி இல்லை.

செல்லக்கனி பையிலிருந்து சாம்பிள் டியூபை எடுத்துப் போஸ்டரின் மேல் விளிம்பில் இரண்டு சொட்டு வைத்தாள்.

“தொண்ணூறு செகண்டு அழுத்திப் பிடிக்கணும்ண்ணே.”

மாலையின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் மனதுக்குள் எண்ணினாள்.

தொண்ணூறு ஆனது. அவர் கையை எடுக்கவில்லை.

நூறு. நூற்றிருபது. அப்போதுதான் கவனித்தாள்: அவருடைய இரண்டு விரல்கள் அவளுடைய நெற்றியோடு ஒட்டியிருந்தன. போஸ்டரில் இருந்த நெற்றியோடு.

மெல்ல இழுத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அவளும் காத்திருந்தாள்.

வெயில் ஏறியது. நரசிம்மன் டீ வாங்கி வந்து நீட்டினார். கொம்பையா இடது கையால் வாங்கிக் குடித்தார்.

“இன்னா பெரியவரே, மேடத்துக்கு சொந்தமா நீங்க?”

கொம்பையா தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்று.

செல்லக்கனி பையைத் திறந்தாள். திங்கட்கிழமையிலிருந்தே அடியில் கிடந்த ஒரு சின்னப் புட்டியை எடுத்து அவர் விரல்களில் நாலு சொட்டு விட்டாள். விரல்கள் வந்துவிட்டன. வழிந்த சொட்டு பட்ட இடத்தில் போஸ்டர், அவித்த கடலைத் தோல் போல, தானாகக் கழன்று தொங்கியது.

கொம்பையா அதைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். சுவர் நெடுகச் சிரித்துக்கொண்டிருந்த மற்ற பதினொரு பேரையும் பார்த்தார்.

பிறகு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்.