மாடு போகும் இடம்

"அதுக்கப்புறம் இந்த மடத்துப் பக்கம் யாருமே வரலை," என்று முடித்தார் டப்ளினிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி.

ஆயிரத்து முந்நூறு வருடக் கதையை அவர் தூறலில் நின்றே சொல்லிவிட்டார். துறவிகள் கல் அடுக்கியது, கப்பலில் வந்தவர்கள் கொளுத்தியது, இங்கிலாந்து ராணியின் படை கூரையைப் பிரித்தது.

நாளை இயந்திரம் வரும். வடக்கு மூலையில் இறைந்து கிடக்கும் கற்களை அள்ளிவிட்டுப் புல் வளர்ப்பார்களாம்.

பக்கத்து வயல்காரன் கோல்மன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

யாரும் வரவில்லையா? அப்பாக்கள் வந்தார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் தகப்பன் மட்டும் இங்கே தூக்கி வருவான். பெயரில்லாத ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான்.

எந்த இடம் என்று தாயிடம் சொல்லக் கூடாது. தாயும் கேட்கக் கூடாது.

முப்பது வருடமாக அவன் மனைவி யூனாவும் கேட்கவில்லை.

"நீ போடற தாழ்ப்பாளும் நீயும்!" இடிந்த சுவர் வழியாகக் குச்சியோடு நுழைந்தாள் யூனா. "ஊர்சுத்தி மாடு மறுபடி இங்கதான் மேயுது. கோழி முட்டினாலே உன் கதவு திறந்துக்கும் போல, கோல்மன்."

எத்தனை முறை ஆணியை மாற்றினாலும் அந்தத் தொழுவக் கதவு நிற்பதில்லை. சந்தையில்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று சொல்லாவிட்டால் இனி காட்டுவதற்குக் கல்லே இருக்காது.

"யூனா... நாளைக்கு இந்தக் கல்லையெல்லாம் எடுத்துடுவாங்களாம். நம்ம..."

கற்கள் பக்கம் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. சாம்பல் நிறக் கற்களைத் தாண்டி, உடைந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த ஒற்றை வெள்ளைக் கல்லிடம் நேரே போய் நின்றாள். தொழுவக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல். குழந்தையைத் தூக்கி வந்த அன்று அவசரத்தில் அவன் எடுத்து வந்தது.

"அதுக்கப்புறமும் வந்திருக்கோம், ஐயா," என்றாள் அதிகாரியிடம். "இது எங்க பையன்."

அதிகாரி வரைபடத்தை மெல்லச் சுருட்டினார்.

கல்லைத் தொட யூனா குனிந்தபோது, மேலங்கிப் பையிலிருந்து ஏதோ கல்லில் கணீரென்று பட்டுச் சேற்றில் விழுந்தது.

போன ஞாயிறு அவன் மாற்றிய தாழ்ப்பாள் ஆணி.

கோல்மன் அதை எடுத்தான். சேற்றைத் துடைத்து, அவள் பையிலேயே திரும்பப் போட்டான்.