இடுப்பு உயரம்

"மேஸ்திரி, கீழ இருக்கிற குண்டு ஓட்டையெல்லாம் பூசி மறைச்சிடுங்க. நெஞ்சு உயரத்துல புதுசா போட்டுக்கலாம்."

கோட்டையின் கடல் பக்கத்துச் சுவர் முன்னால் நின்று இன்ஜினியர் சொன்னார். வாசல் பீரங்கிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அடுத்த வாரம் தீவுக்கு முதல் சுற்றுலாப் படகு வருகிறது.

"இருக்கிறது இருந்துட்டுப் போகட்டுமே சார்."

"எதிரிப் படையை இங்க நிக்க வச்சுச் சுட்டாங்கன்னு போர்டு வச்சிருக்கோம். ஓட்டையெல்லாம் என் இடுப்புக்குக் கீழ இருக்கு. எதிரிப் படை பூரா ஒண்ணாங்கிளாஸ் பசங்களான்னு ஒருத்தன் கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார்.

பதில் அவருக்குத் தெரியும்.

தீவின் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கையில் இருந்தது கரண்டி இல்லை, துப்பாக்கி.

ஆளுக்கு ஒரு தோட்டா. ஆளுக்கு ஒரு பிள்ளை.

உத்தரவு வந்ததும் குழலை மேலே தூக்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுட்டார். கண்ணைத் திறந்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. தனக்கு எதிரே நின்றது பயத்தில்தான் விழுந்திருக்கும், மற்றதை வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குழலைத் தூக்கினோமா, தூக்கியதாக நினைத்துக்கொண்டோமா? பெண்டாட்டியிடம்கூடக் கேட்க முடியாத கேள்வி. அதற்காகவே இந்த வேலையை வலியப்போய் வாங்கினார்.

வந்த அன்றே பார்த்துவிட்டார். கீழே வரிசையாக ஓட்டைகள். மேலே, ஆள் உயரத்தில், தனியாக ஒன்று.

எந்தச் சுவரையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத மனிதர், அதை மட்டும் தொடவில்லை. அன்றைக்குத் தூங்கிய தூக்கம் அவர் கல்யாணத்துக்கு முன்னால்கூடத் தூங்காதது.

பழைய சுவரின் நிறத்துக்குச் செங்கல் தூள் கலந்து, முட்டி போட்டு, கீழ் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். முடித்துவிட்டு எழுந்தார்.

"இது ஒண்ணை மட்டும் விட்டுடலாம் சார். சரியான உயரத்துலதான் இருக்கு."

இன்ஜினியர் ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினார். மக்கிப்போன மரக்கட்டை ஒன்று வெளியே வந்து விழுந்தது. அதில் துருப்பிடித்த பாதி ஆணி.

"விளக்கு மாட்ட அடிச்ச கட்டை. இதுவா குண்டு ஓட்டை? நல்ல மேஸ்திரி போங்க!"

மேஸ்திரி அதை எடுத்துப் பார்த்தார். இதே மாதிரி ஆயிரம் கட்டைகளைத் தன் கையாலேயே சுவரில் இறக்கியிருக்கிறார்.

"சரி, கீழ எத்தனை அடைச்சீங்க? அத்தனையும் மேல வரணும்."

"பன்னெண்டு சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அன்று இந்தச் சுவருக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவர்கள் பன்னிரண்டு பேர். அவரையும் சேர்த்து.