ஒன்றாம் எண் பொத்தான்

ஒத்திலியா கடைசிக் கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தியதும் புது சர்வர் ஓடத் தொடங்கியது.

காலை பத்து மணி. க்ளூஜ் நகரத்தில் அவள் வீட்டுச் சமையலறை மேசை. தேன் விற்கும் ஒருவருக்கு இணையதளம் வேண்டியிருந்தது. அதற்காக எங்கோ ஒரு கிடங்கில் இருக்கும் லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்தபடியே தயார் செய்துகொண்டிருந்தாள். பல் துலக்குவது மாதிரிப் பழகிய வேலை.

மென்பொருள்களைப் புதுப்பித்தாள். தனக்கொரு பயனர் பெயர் வைத்தாள். வேண்டாத கதவுகளையெல்லாம் அடைத்தாள். வெப் சர்வரை நிறுவி, ஊர் உலகம் வந்துபோக வாசலைத் திறந்துவிட்டாள்.

யார் வந்தாலும் பதிவில் ஒரு வரி விழும். அதைத் திரையில் ஓடவிட்டுக் காப்பியை எடுத்தாள்.

கோப்பை உதட்டுக்குப் போவதற்குள் ஒரு வரி விழுந்தது.

புதிய சர்வர்களைத் தட்டிப் பார்க்கத் திருட்டு நிரல்கள் எந்நேரமும் அலைந்துகொண்டிருக்கும். அப்படி ஒன்றுதான் என்று நினைத்தாள்.

இன்னொரு வரி. சற்றுப் பொறுத்து அடுத்தடுத்து இரண்டு. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று.

நிரல் இப்படித் தாளம் தப்பாது. இது மனிதக் கை.

குனிந்து வாசித்தாள். எல்லா வரியும் ஒன்றுதான்.

உதவி. பொத்தான் 1.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவளுடைய சர்வர் கொடுத்திருந்த பதில்: 404. அப்படி எதுவும் இங்கே இல்லை.

காப்பி மேசையில் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

அந்த வரியின் அமைப்பை ஒன்பது வருடங்களுக்கு முன்பு உருவாக்கியவளே அவள்தான். தனியாக வசிக்கும் முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் அது. விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அழுத்தலாம். வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்னப் பெட்டி உடனே அவளுடைய சர்வரைக் கூப்பிடும். பதில் கிடைத்தால் பெட்டி ஒருமுறை மணி அடிக்கும். ஆள் வரும்.

மார்ச் மாதம் அந்தச் சேவையை மூடினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பொத்தான்களும் திரும்பி வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டு, பழைய சர்வரை அவளே அணைத்தாள்.

புது சர்வரின் எண் முகவரியைப் பார்த்தாள். பழைய சர்வரின் அதே எண். அந்தப் பெட்டிக்குக் கூப்பிடத் தெரிந்தது அந்த ஓர் எண்ணை மட்டும்தான். வாடகைக்கு விடும் கம்பெனி சிறியது, அவர்களிடம் இருப்பதே சில நூறு எண்கள். மார்ச்சில் அவள் திருப்பிக் கொடுத்த எண் எங்கெங்கோ சுற்றி, இன்று காலை அவள் கையிலேயே வந்து விழுந்திருந்தது.

போனை எடுத்து ஓர் எண்ணை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவசர உதவி எண் 112-ஐ அழைத்தாள்.

“ஒராதியா ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பணும். மில் தெரு, சி ஒன்பது பிளாக், இருபத்தேழாம் வீடு. லிஃப்ட் ஓடாது. கீழ்க்கதவு இறுகிக் கிடக்கும், தோளால இடிக்கணும். சாவி எதிர்வீட்டு பிரோஷ்கா அம்மாகிட்ட இருக்கு.”

“நீங்க அங்கதான் இருக்கீங்களா மேடம்?”

“இல்ல, க்ளூஜ்ல.”

“நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு அங்க ஒருத்தருக்கு முடியலன்னு எப்படிச் சொல்றீங்க? விளையாடுறதுக்கான நம்பர் இல்ல இது.”

“பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்காங்க. என் கண்ணு முன்னாடி வந்து விழுந்துக்கிட்டே இருக்கு. என்னை அப்புறம் திட்டிக்கலாம், மொதல்ல வண்டிய அனுப்புங்கய்யா!”

அனுப்பினார்கள்.

அவளுக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. மறுபடி சர்வருக்குள் போனாள். இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். மூன்றாவது முறை, அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல ஒரு பக்கம் தயாரானது. அதில் ஒரே ஒரு சொல்: வருகிறோம்.

அடுத்த வரி விழுந்தது. இந்த முறை 404 இல்லை. பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு வரியும் வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திரையில் எதுவும் அசையவில்லை. மணிச் சத்தம் கேட்டதால் நின்றதா, இல்லை கையே நின்றுவிட்டதா? மேசையிலிருந்து காப்பி அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண்.

“உயிரோட இருக்காங்க மேடம். குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் புரியல. இந்தச் சேவையத்தான் மூடிட்டாங்களே? எங்க பாட்டியோடதைக்கூட வந்து வாங்கிட்டுப் போனாங்க. இவங்க கழுத்துல மட்டும் எப்படி இது இன்னும் கெடக்கு?”

ஒத்திலியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் கழட்டாம விட்டேன். கை வச்சதுமே பயந்துட்டாங்க. சரி, இது இன்னும் வேலை செய்யும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

போன் கை மாறுவது கேட்டது.

“ஒத்தி…” அம்மாவின் குரல் காய்ந்து கிடந்தது. “மணி அடிச்சுதுடி. அப்பவே கைய எடுத்துட்டேன், நீ பாத்துட்டேன்னு. நேத்து சாயங்காலத்திலேருந்து அழுத்திக்கிட்டிருந்தேன். உனக்கு வேலை இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன், கண்ணு.”