கையால உதிர்த்த மாதுளை

மூட்டுவலிக்கு ஜூஸ்னு சொன்னதுமே பாதிப் பேர் பேனா தேடறீங்க. மாமனார், மருமகள்னு சொன்னா மீதிப் பேர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கறீங்க. இருங்க, ரெண்டும் வருது.

ஞாயித்துக்கிழமை காலைல சலூன்காரரோட மகள் அப்பாவைப் பார்க்க வந்தா. வந்தவ வாசல்லயே நின்னுட்டா.

விரல் முட்டியெல்லாம் வீங்கி, மாசக் கணக்கா கடையைப் பூட்டி வெச்சிருக்கற மனுஷன், சாப்பாட்டு மேஜைல உக்காந்து மாதுளம்பழத்தை முத்து முத்தா உதிர்த்துக்கிட்டிருந்தார். பக்கத்துல ஒரு குட்டி உரல். அதுல இஞ்சியும் பச்சை மஞ்சளும் அவருக்காகக் காத்துக்கிட்டிருந்தது. இலை கிள்ளறதுக்கு ஒரு கீரைக் கட்டு.

அதுக்கு ரெண்டடி தள்ளி மிக்ஸி. துடைச்சு, மூடி போட்டு, ஜம்முனு.

"அண்ணி, என்ன இது?"

மருமகள் அசரல. "உங்கப்பாவுக்கு ஜூஸ். மூட்டு வீக்கத்துக்கு நல்லதாம்."

"அப்ப அந்த மிக்ஸி எதுக்கு, அலங்காரத்துக்கா?"

"மிக்ஸில போட்டா சூடாகி சத்தெல்லாம் போயிடும். வலி இருக்கறவங்க தன் கையாலயே செய்யணும். அப்பதான் பலிக்கும்."

"எந்த டாக்டர் சொன்னார்?"

"போன்ல படிச்சேன்."

மகளுக்கு மூக்கு விடைச்சுது. அப்பா பக்கம் திரும்பினா.

"கடைச் சாவியைக் கொடுங்கப்பா. சுழல் நாற்காலி, கண்ணாடி எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்க ஒருத்தர் தயாரா இருக்கார். சாயங்காலம் பேசி முடிச்சிட்டு என்கூட வந்துடுங்க. என் வீட்ல உங்களை ஒரு டம்ளர்கூட கழுவ விட மாட்டேன்."

அவர் சாவியை எடுத்து, ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுக் கொடுத்தார்.

"அவ ஆசையா செய்யறாம்மா," ன்னு மட்டும் சொன்னார். எல்லாத்தையும் உரல்ல இடிச்சுப் பிழிஞ்சு, ஜூஸை வடிகட்டி டம்ளர்ல ஊத்திக்கிட்டார். "நான் எப்பவும்போல பால்கனில காத்தாட நின்னு குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் தலை மறைஞ்சதும் மருமகள் நாத்தனாரை சமையலறைக்குள்ள இழுத்தா.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பழம், கீரை எல்லாம் கொடுங்க, வீக்கத்துக்குக் கொஞ்சம் உதவினாலும் உதவும். ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க, விரலைச் சும்மா வைக்க விடாதீங்க, அப்படியே இறுகிடும்னார். அமுக்கறதுக்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தாங்க. உங்கப்பா என்ன பண்ணினார்?" மாமனார் மாதிரியே தொண்டையைக் கனைச்சுக்கிட்டா. "'கத்திரி பிடிச்ச கைல பந்தா? நான் என்ன பச்சைக் குழந்தையா?' அன்னிக்கே அந்தப் பந்து கீழ்வீட்டு நாய்க்குப் போயிடுச்சு."

மகளுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"விளையாட்டுன்னா செய்ய மாட்டார். மருந்துன்னா செய்வார். அதான். மாதுளை உதிர்க்கறது கட்டை விரலுக்கு, கீரை கிள்ளறது விரல் நுனிக்கு. வலிக்காத அளவுக்குச் செய்யட்டும்னு டாக்டரும் சொல்லிட்டார். ஜூஸ் சும்மா ஒரு சாக்குதான். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, தெரிஞ்சா அடுத்த நிமிஷமே நிறுத்திடுவார்."

"ஏதாவது பலன் இருக்கா அண்ணி?"

"நேத்து சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கிட்டார். என்னைக் கூப்பிடல."

மகள் சாவியை உள்ளங்கைல அழுத்திப் பிடிச்சுக்கிட்டா.

ரெண்டு பேரும் கூடத்துக்கு வந்தப்ப அவர் காலி டம்ளரோட, வாயைத் துடைச்சுக்கிட்டே உள்ளே வந்தார். வாசல்ல கீழ்வீட்டு பஸ் டிரைவர். தோள்பட்டைல ஈரமா ஒரு சிவப்புக் கறை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், வந்திருக்கற மகளைப் பார்த்ததும் முழுங்கிட்டார்.

சலூன்காரர் கறையைப் பார்க்கல. தலையைப் பார்த்தார். காடு.

"உக்காருப்பா."

"அண்ணே, நான் அதுக்கு வரல."

"எதுக்கு வேணா வந்திருக்கட்டும், உக்காரு."

கழுத்துல துண்டு விழுந்துது. அலமாரிலேர்ந்து கத்திரி இறங்குச்சு.

சக். நின்னுது. விரலை ஒரு தடவை விரிச்சு மடக்கினார்.

சக். மறுபடி நின்னுது. மகள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா.

சக். சக். சக் சக் சக்.

காதுக்கு மேல ஒரு வளைவு. பழைய வளைவு, அப்படியே.

மகள் சாவியை மேஜை மேல வெச்சா. "நாளைக்குக் கடையைப் பெருக்கித் துடைச்சு வைக்கட்டுமாப்பா?"

சலூன்காரர் முகத்துல பல்பு எரிஞ்சுது. "எல்லாம் என் மருமகளோட ஜூஸ்தாம்மா. ஒரு நாள் தவறினதில்ல. ஒரு சொட்டு மீதி வெச்சதில்ல. அமிர்தம்."

அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டாங்க.

துண்டுக்குள்ள இருந்த டிரைவருக்குப் பொறுக்கல.

"ஒரு சொட்டு மீதி இல்லதான் அண்ணே. அத்தனையும் பால்கனிலேர்ந்து நேரா என் ரோஜாத் தொட்டிக்குத்தானே வருது. இன்னிக்குக் குறி தப்பி என் தோள்ல. அதைச் சொல்லத்தான் மேல வந்தேன்."

கத்திரி அந்தரத்துல நின்னுது.

சலூன்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டே குனிஞ்சு அவர் காதுல ஏதோ முணுமுணுத்தார்.

"என்னை ஏண்ணே முறைக்கறீங்க? 'என் விரலை அசைய வைக்கத்தான் பாவம் இவ்வளவு நாடகம் போடறா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ மனசு வாடிடும், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னீங்க. நான் இந்த நிமிஷம் வரைக்கும் மூச்சு விட்டிருக்கேனா?"