வழிமொழிந்தவர்

முன் பெஞ்சில் சபையின் மூத்த பெண்மணி மதர் பெட்டிகுரூ. ஜன்னலோரம் டீக்கன் ஹோலிஸ். பின்வரிசையில் பாடகர் குழுவிலிருந்து ஒன்பது பேர். பிரசங்க மேடைக்குக் கீழே சின்ன மேசையில் குறிப்பேட்டோடு சபையின் எழுத்தர் ஒடெஸ்ஸா.

மெம்ஃபிஸில் அந்தப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இவ்வளவுதான்.

பாஸ்டர் கடிதத்தை வாசித்தார். எழுதியவள் ரூபி லார்க். பதினொரு இசைத்தட்டுகள் கண்ட சோல் இசைப் பாடகி.

அவள் டெட்ராய்ட்டில் ஒரு சபையில் சேர வேண்டும். அவள் வளர்ந்த இந்தச் சபை நற்சான்றுக் கடிதம் கொடுத்தால்தான் அங்கே சேர்ப்பார்கள்.

பார்களில் பாடினாள் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் தீர்மானம் போட்டு அவளை நீக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊரில் பாடினாலும், ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் சபையின் கடைசி பெஞ்சில் அவள் வெறும் விருந்தாளி.

கடைசி வரியைப் பாஸ்டர் சற்று மெதுவாகப் படித்தார். பாடியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டாளாம். பாடக் கற்றுக்கொண்டது இங்கேதானாம்.

ஒடெஸ்ஸா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பேனா மட்டும் கொஞ்சம் அழுந்தியது.

மன்னிப்பு இல்லாமல் கடிதமா என்று டீக்கன் எழுந்தார்.

"உக்காருங்க டீக்கன்," என்றார் மதர் பெட்டிகுரூ. "போன சனிக்கிழமை மீன் வறுக்கிற கடை வாசல்ல, கார் கண்ணாடிய இறக்கிவிட்டு யாரோட கேசட்ட கேட்டுட்டிருந்தீங்க?"

பின்வரிசை சிரித்தது. டீக்கன் உட்கார்ந்தார்.

கடிதம் கொடுக்கலாம் என்று மதர் முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன.

கூட்டத்தில் எழுத்தர் பேசுவது வழக்கமில்லை. ஒடெஸ்ஸா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் வழிமொழியுறேன் பாஸ்டர். என் பேரையே எழுதிக்கிறேன்."

பின்வரிசையில் ஒன்பது கைகள் உயர்ந்தன. கடைசியில் டீக்கனுடையதும்.

எல்லோரும் போன பிறகு ஒடெஸ்ஸா கடிதத்தை எழுதினார். ரூபி லார்க் என்று எழுதவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பெயரை, தான் வைத்த பெயரை எழுதினார்: வெர்லீன் டார்ப்லி.

கீழே கையெழுத்திட்டார்: ஒடெஸ்ஸா டார்ப்லி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய குறிப்பேட்டில், நீக்கத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் என்ற இடத்திலும் இதே கையெழுத்துதான்.

மை காயும்வரை காத்திருந்தார். உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டி வரை தானே நடந்து போய்ப் போட்டார்.